பெயர்த்தெடுத்த வாயிலும் கழித்துவிட்ட ஓடும்: திருவனந்தபுரத்தில் மறுபயன்பாட்டுக் கலையின் முன்வரலாறு

உடைந்ததையும் கழித்ததையும் கொண்டு கட்டடமும் தோட்டமும் அமைக்கும் கலை திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கரிடமிருந்து (1917–2007) தொடங்குவதாகவே கொள்ளப்படுகிறது. நகரின் பழவங்காடிப் பகுதியிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸின் சுருள்வடிவச் செங்கல் கட்டடம் அவர் பெயரை நகரத்தார் நாவில் நிறுத்தியிருக்கிறது. இக்கலையின் தோற்றுவாய்க்கு அவரே பலமுறை கூறிய விளக்கம் ஒன்றுண்டு: 1940களில் பம்பாயில் சந்தித்த காந்தியடிகள், நல்ல சிற்றூரின் வீடு ஐந்து மைல் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் பொருள்களால் அமைய வேண்டும் என்று சொன்னார் என்பது அது. பின்வந்தோர் இதையே முழுக் காரணமாக ஏற்றனர்.

இவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஐந்து மைல் விதி தொலைவைப் பற்றியதேயன்றிப் பழமையைப் பற்றியதன்று. அருகிலுள்ள சூளையில் சுட்ட புதுச் செங்கல் அவ்விதிக்கு முழுதும் இணங்கும். தொலைவில் இடிக்கப்பட்ட வீட்டின் பழைய கதவு இணங்காது. பேக்கர் பெரிதும் கையாண்ட கூரைமுறையையே எடுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையை இரும்புக் கம்பியே தாங்குவதால், அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலையில்லை என்று கண்டு, கம்பிகளுக்கிடையே கழிவு ஓடுகளைப் பதித்து, சிமெண்டு செலவைக் குறைப்பது அம்முறை. இதற்கு வேண்டிய சிமெண்டும் கம்பியும் ஐந்து மைலுக்குள் விளைபவையல்ல. ஓட்டுத் தொழிற்சாலைகள் இருந்த கொல்லமும் அவ்வட்டத்துக்குள் அடங்காது. சிக்கனம்தான் காரணம் என்று கூறி இக்கேள்வியைக் கடந்துவிடவும் இயலாது. சிக்கனம் கழிவு ஓட்டை விளக்கும், சித்திரவேலை செய்த பழைய மரவாயிலை விளக்காது.

அத்தகைய வாயில் ஒன்று ஆக்குளத்தில், சித்ரலேகா திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்துக்காக 1974–76இல் பேக்கர் எழுப்பிய கட்டடத்தில் இருக்கிறது. இடிபாட்டுக் குவியல்களைத் துழாவிப் பொருள் தேடுவது அவர் வழக்கம். நுண்செதுக்கு நிறைந்த இவ்வாயில் அப்படி வாய்த்ததே. வரைபடம் முதலில், வாயில் பின்னர் என்னும் வரிசை இங்கே தலைகீழாகிறது. வாயிலின் அளவுக்குச் சுவர்தான் ஒதுங்கி இடம்விட்டிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய மரவேலை சிதையாமல் இடம்பெயர முடிந்ததற்குக் காரணம் பேக்கரின் திறமன்று, அதற்கு முந்திய தச்சரின் திறம். ஒரு மரத்தின் முனையை மற்றொன்றின் துளையில் இறக்கி மர ஆணியால் இறுக்கும் திருவிதாங்கூர்த் தச்சுமுறையில், பூட்டியதைக் கழற்றவும் கழற்றியதை வேறிடத்தில் பூட்டவும் முடியும்.

அவ்வாயில் எந்த வீட்டினது, எப்போது பெயர்க்கப்பட்டது என்று முடிவாகக் கூறுவதற்கில்லை. கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த கேரளச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டு 1976 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்ததால், அதைக் காரணமாகக் காட்டுவது காலமுரண். ஆயின் தறவாடு எனப்படும் நாயர் கூட்டுக்குடும்பத்தின் சொத்தைத் தனித்தனியே பங்கிட வழிசெய்த திருவிதாங்கூர் நாயர் சட்டம் 1925ஆம் ஆண்டினது. அதற்குப் பின்வந்த அரை நூற்றாண்டில் பங்குபோன பெருவீடுகள் பல இடிபட்டு, அவற்றின் மரம் விற்பனைக்கு வந்தது என்று கொள்வதே பொருந்தும். இதற்கு நேர்ச்சான்று குறைவு என்பது உண்மைதான்; எனினும் ஒரு வாயில் குவியலுக்கு வர வேண்டுமானால் அதற்கு முன் ஒரு வீடு கலைந்திருக்க வேண்டும்.

எறிவதைக் கட்டுமானப் பொருளாக்கும் வழக்கமும் இம்மண்ணுக்குப் பழையது. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்து மின்னும் தரையில் சுண்ணாம்புடனும் முட்டை வெண்கருவுடனும் எரித்த சிரட்டை சேர்ந்திருப்பதாக மரபு கூறும். அதே பத்மநாபபுரத்திலிருந்து நாயர் படையினரோடு வந்தவரே பழவங்காடிப் பிள்ளையார் என்பதும், அவர் முன் நாள்தோறும் உடைபடும் தேங்காய்க்கும் அதில் மிஞ்சும் சிரட்டைக்கும் கணக்கில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. இவை சான்றாகா, சூழல் மட்டுமே.

தோட்டத்தைப் பொறுத்தவரை காந்தியடிகளின் விதி ஓரளவு பொருந்துகிறது. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அமைந்த பேக்கரின் இல்லம் நிலத்தின் மேடுபள்ளத்தை மாற்றாமல் எழுந்தது. நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் தாம் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் அவர் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். ஆனால் நாலாஞ்சிறைச் சுவர்களில் பதிந்த உடைந்த ஓட்டுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் அவ்விதி பதில் சொல்லாது.

ஆகவே பேக்கரின் கட்டடங்களைப் பட்டியலிடுவோர், அவற்றுள் மறுபயன்பாடு பெற்ற கதவு, நிலை, தூண் ஆகியவற்றைத் தனியே அளந்து, மரவகையோடும் செதுக்குமுறையோடும் பதிவுசெய்தல் வேண்டும். சித்ரலேகா வாயிலைப் பேக்கர் கணக்கில் மட்டும் எழுதுவது பிழை.