குப்பைக்குழி தொட்டியான கதை

இப்போ குப்பைன்னா வேண்டாத பொருள்னு அர்த்தம். எங்க அப்பா காலத்துல வயலுக்குப் போடுற எருவுக்கே குப்பைன்னுதான் பேரு. "நாலு வண்டி குப்பை அடிச்சேன்"னு பெருமையா சொல்லுவாங்க. உழுவதை விட எரு போடுவது நல்லதுன்னு வள்ளுவரே சொல்லி வெச்சிருக்கார். வீட்டுக் குப்பைக்கும் கோழி எச்சத்துக்கும் எந்தத் தொட்டி வாங்கலாம்னு இப்போ நிறைய பேர் கேக்குறாங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதையிலிருந்து வரணும்.

எங்க ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குப்பைக்குழி இருந்தது. சாணி, மாடு கழித்துப் போட்ட கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டின செத்தை எல்லாம் தினமும் அங்கேதான் போகும். ஒரு வீட்டில் எத்தனை மாடு என்று குழியைப் பார்த்தே சொல்லிவிடலாம். குப்பைக் கார்த்திகை அன்றைக்கு அந்த மேட்டிலும் ஒரு அகல் விளக்கு வைப்பார்கள். கோடையில் வண்டி கட்டி அள்ளி வயலில் கும்பி கும்பியாகத் தட்டி, மழைக்கு முன்னால் கலைத்து விடுவார்கள். அந்தக் குழியைக் கிளறுவதற்கு ஆள் கிடையாது. ஊர்க் கோழிகள்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் புழு தேடிக் கிளறிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பது கீழே போகும், காற்று உள்ளே போகும். கூலியில்லாத வேலை.

அதில் குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து, சத்தில் நிறைய வீணாப் போச்சு. பாதி மக்கி, பாதி மக்காமலும் இருக்கும். இந்தக் குறையைத்தான் நூறு வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் கவனித்தார்.

ஆல்பர்ட் ஹோவார்டு இங்கிலாந்துக்காரர், விவசாயி வீட்டுப் பிள்ளை. 1905-ல் பீகாரில் இருந்த பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். அவர் மனைவி கேப்ரியலும் தாவரவியல் படித்தவர். இரண்டு பேரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள். 1924-ல் இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இங்கே விவசாயிக்கு இருந்த சிக்கல் என்னன்னா, சாணியில் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்புக்குப் போனது. வயலுக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் பருத்திமார், சோகை, களை, சருகு எல்லாம் ஏராளம். கொஞ்சம் சாணியை வைத்து நிறைய செத்தையை மக்க வைக்க முடியுமா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

பதிலுக்குச் சீனாவும் உதவியது. எஃப்.எச்.கிங் என்ற அமெரிக்க மண் அறிஞர் 1909-ல் சீனா, கொரியா, ஜப்பான் போய், அங்கே விவசாயிகள் ஒரு துளிக் கழிவையும் விடாமல் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்து எழுதினார். 1911-ல் வந்த அந்தப் புத்தகத்தை ஹோவார்டு படித்திருந்தார். இந்தூரில் 30 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஆழம் குறைந்த குழிகள் வெட்டினார். செத்தை, மாட்டுக்கு அடியில் பரப்பின படுக்கை, சாணி, மூத்திரம் ஊறின மண், சாம்பல் என்று அடுக்கினார். மூன்று தடவை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் தரைக்கு மேலே குவியலாகப் போடச் சொன்னார். 1931-ல் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து இதைப் புத்தகமாகப் போட்டார். உலகம் முழுக்க 'இந்தூர் முறை'ன்னு பேர் வாங்கியது இதுதான். கோழி செஞ்ச புரட்டுற வேலையை இங்கே மனுசன் மண்வெட்டியோடு செஞ்சான்.

புரட்ட ஆள் வேண்டும், கூலி வேண்டும். நகரத்துக் குப்பைக்கு அது கட்டுப்படியாகவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் சி.என்.ஆச்சார்யா 1939-ல் வேறு வழி சொன்னார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். புரட்டவே வேண்டாம். ஆனால் காற்று இல்லாததால் ஆறிலிருந்து எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

அதற்குள் உர மூட்டை வந்துவிட்டது. அன்றைய பீகாரின் சிந்திரியில் அரசாங்கத்தின் பெரிய உரத் தொழிற்சாலை 1951-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1960-களின் கடைசியில் குட்டை ரக நெல்லோடு சேர்ந்து யூரியா எங்க பக்கமும் வந்தது. நாலு வண்டி குப்பை அடிக்கிற இடத்தில் ஒரு மூட்டையைத் தலையில் தூக்கிப் போனால் போதும். அதைக் குறை சொல்லி என்ன ஆகப் போகுது, அன்னிக்குப் பசி அப்படி. ஆனால் பிறகு டிராக்டர் வந்து, உழவு மாடு குறைந்து, குப்பைக்குழி இருந்த இடமெல்லாம் வீட்டுமனை ஆயிடுச்சு.

சாணி இன்னும் அரிதான காலத்தில் மகாராஷ்டிரா யவத்மாள் மாவட்டம் பூசத்தைச் சேர்ந்த காந்தியவாதி நாராயண் தேவ்ராவ் பாண்டரிபாண்டே ஒரு தொட்டியைக் கொண்டு வந்தார். அவர் பேரின் எழுத்துகளைச் சேர்த்து அதை 'நாடெப்' தொட்டி என்பார்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம். செங்கல் நடுவில் ஓட்டை விட்டுக் கட்டுவது. சுமார் 100 கிலோ சாணி இருந்தாலே 1,400 கிலோ செத்தையை மண்ணோடு சேர்த்து மக்க வைக்கலாம். ஓட்டை வழியாகக் காற்று போவதால் புரட்டுகிற வேலையும் இல்லை.

நகரத்தில் இடமே இல்லை. அதனால் மாடிக்கும் பால்கனிக்கும் சின்னப் பானைகள் வந்தன. பெங்களூரில் பூனம் பீர் கஸ்தூரி 2006-ல் தொடங்கிய 'டெய்லி டம்ப்' மூன்றடுக்கு மண்பானையைப் பிரபலமாக்கியது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொன்ன பிறகு, கடையில் விதவிதமான பிளாஸ்டிக் தொட்டிகள், சுற்றுகிற டிரம்கள்.

இதையெல்லாம் வரிசையாப் பாத்தா எனக்கு ஒன்னு தெரியுது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பற்றாக்குறைக்காக வந்திருக்கு. இந்தூர்க் குழி சாணி போதாததுக்கு. பெங்களூர்க் குழி ஆள் இல்லாததுக்கு. நாடெப் இரண்டுக்கும். மண்பானை இடம் இல்லாததுக்கு. அதனால் 'எந்தத் தொட்டி நல்லது'ன்னு கேக்குறதை விட 'நம்ம வீட்டில் எது குறைவு'ன்னு கேக்கணும்.

கோழி வளர்க்கிற வீட்டில் குறைவது சாணிச் சத்து இல்லை, சருகு. மேலே சொன்ன முறைகளுக்கு நேர் எதிர். மாடு மூத்திரம் தனியா, சாணி தனியாப் போடும். கோழிக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். அதனால் தழைச்சத்து ரொம்ப அதிகம். நன்றாக மக்குவதற்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு வேண்டும். கோழி எச்சத்தில் கரிச்சத்து பத்துப் பங்குகூட இருக்காது. மிஞ்சின தழைச்சத்துதான் அம்மோனியாவாகக் கிளம்பி மூக்கை எரிக்கிறது. நாற்றம்னு நாம சொல்றது உண்மையில் நம்ம உரம் காத்துல போறது. காய்கறித் தோல், மிச்ச சோறு இவையும் ஈரம்தான், அதுவும் சருகு கேட்கும்.

இரண்டாவது விசயம் சூடு. கோழி எச்சத்தில் சால்மோனெல்லா மாதிரி கிருமி இருக்கலாம். 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாள் நின்றால் அது செத்துவிடும். அந்தச் சூடு நிற்க 3 அடி நீள அகல உயரமாவது குவியல் வேண்டும். அது கிட்டத்தட்ட 750 லிட்டர். கடையில் விற்கிற 100, 200 லிட்டர் டிரம்மில் அந்தச் சூடு நிற்பது கஷ்டம். சமையலறைக் கழிவுக்கு மட்டும் என்றால் அந்த டிரம் போதும், எலி வராது, மழை படாது. கோழி எச்சத்தையும் சேர்த்தால் பத்தாது.

எங்க வீட்டில் இருபது நாட்டுக்கோழி. கூண்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மழை பெய்தால் அவங்க சன்னலைச் சாத்திக்கிறாங்க. வாய் திறந்து ஒன்னும் சொல்லல, அதுதான் மனசுக்குச் சங்கடம். முப்பது வருசப் பழக்கம். மருமகள் போனில் ஒரு பச்சை டிரம்மைக் காட்டி, "மாமா, இது சுத்துனா போதுமாம்"னு சொன்னா. மேலே சொன்ன கணக்கைச் சொன்னேன். "அப்போ சருகுக்கு எங்க போறது?"ன்னு திருப்பிக் கேட்டா. சரியான கேள்வி.

கடைசியில் முடிவானது இதுதான். பழைய செங்கல்லில் ஓட்டை விட்டு, 3 அடி சதுரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. சுவரோரம் வேண்டாம், வேப்பமரத்தடியில். முன்பக்கம் கழற்றி மாட்டுகிற பலகை. அடியில் பெருச்சாளி நுழையாமல் கம்பிவலை, மேலே தகரம். ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை சருகு. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருகிற அளவுக்கு ஈரம். நடுவில் கடப்பாரையைச் சொருகி ஐந்து நிமிசம் கழித்துத் தொட்டால் கை சுட வேண்டும். சுடவில்லை என்றால் புரட்டிப் போட வேண்டும். முதல் அறை நிறைந்து சூடு தணிந்ததும் இரண்டாவது அறைக்குத் தள்ளி, பலகையைப் பாதி திறந்துவிட்டால் மீதி வேலையைக் கோழி பார்த்துக்கொள்ளும். அப்பா காலத்துக் குழியில் அது செய்த அதே வேலைதான். மூன்று நாலு மாதம் கழித்து மண் வாசனை வந்த பிறகுதான் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுவது. கீரைக்குப் பச்சையாகப் போடவே கூடாது.

சருகுக்கு ஒரு வழி இருக்கு. மாசி பங்குனியில் எங்க தெருவில் தினமும் காலையில் வேப்பிலை, புங்க இலையைக் கூட்டிக் கொளுத்துறாங்க. அதைக் கொளுத்தாம ஒரு சாக்கில் கட்டி எங்க வாசலில் வைக்கச் சொல்லி நாலு வீட்டில் கேட்டிருக்கேன். இரண்டு வீட்டில் சரின்னுட்டாங்க. ஐப்பசி மழை வரைக்கும் தாங்க முப்பது மூட்டையாவது வேணும். தொட்டி கட்ட இரண்டு நாள் போதும், மூட்டை சேர்க்கத்தான் கோடை முழுக்க ஆகும்.