பென்ஷனும் ஈ.பி.எஃப்பும்

கொழுந்து பறித்து ஓய்ந்த எங்க அப்பாயிக்கு மாசாமாசம் பென்ஷன் வந்ததில்லை. ஒரேயொரு தடவை ஈ.பி.எஃப் காசு வந்தது. கடனுக்கும் கூரைத் தகரத்துக்கும் சரியாப் போச்சு.

இந்த வித்தியாசம் பழசு. பிரித்தானியர் காலத்திலேயே அரச ஊழியருக்கு ஓய்வூதியம் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கும் தனியார்துறையினருக்கும் 1958இன் 15ஆம் இலக்கச் சட்டம் தந்தது ஊழியர் சேமலாப நிதியம். இன்று சம்பளத்தில் தொழிலாளி 8%, முதலாளி 12% கட்ட வேண்டும். ஆண் 55, பெண் 50 வயதில் எடுக்கலாம். நிரந்தரமாக உழைக்க முடியாமப் போனால் முன்கூட்டியே எடுக்கலாம்.

ஆனா முப்பது வயதில் முடங்கியவருக்குக் கிடைப்பது அதுவரை சேர்ந்த கொஞ்சமும் அதன் வட்டியும்தான். 1934இன் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும் வேலையில் அடிபட்டவருக்கு மட்டும்தான். சேமிப்பு வேறு, வாழ்நாள் பாதுகாப்பு வேறு. அந்த இரண்டாவது இன்னும் எங்க லயங்களுக்கு வந்து சேரவில்லை.