விடுமுறை வேதாகமப் பள்ளி தோன்றிய இடம்

கோடை விடுமுறையில் சிறுவருக்கு ஏற்ற திட்டத்தைத் தெரிந்துகொள்ளும்போது, நம் சபைகள் பெரும்பாலும் பாடநூல்களையும் பாடல்களையுமே ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எவ்விடத்தில் நடத்துவது என்னும் வினா எழுவதேயில்லை. ஆலய மண்டபம் என்று முன்னமே முடிவாகிவிடுகிறது. ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகளே மீண்டும் வருகின்றனர்.

இவ்வூழியத்தின் தொடக்கமோ வேறு. மருத்துவரின் மனைவியாகிய எலைசா ஹாஸ் அம்மையார், நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், பள்ளி மூடியபின் தெருக்களில் அலைந்த ஏழைப் பிள்ளைகளைக் கண்டார். 1898ஆம் ஆண்டுக் கோடையில் அவர்களுக்கென அன்றாட வேதாகமப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதற்காக அவர் வாடகைக்கு எடுத்தது ஒரு மதுக்கூடம்! பிள்ளைகள் வாழ்ந்த பகுதியில் கிடைத்த இடம் அதுவே.

1901ஆம் ஆண்டில் அருட்திரு இராபர்ட் பாவில் இம்முயற்சியை அந்நகரின் பாப்திஸ்து ஊழியச் சங்கத்தின் வழியாக விரிவாக்கினார். கோடையில் பிள்ளைகளும் மாணவர்களும் ஓய்ந்திருந்தனர். ஆலயங்களும் வார நாட்களில் பூட்டிக் கிடந்தன. இம்மூன்றையும் அவர் இணைத்தார். கல்லூரி மாணவரும் (இறையியல் மாணவர் இதைக் கவனிப்பாராக) ஆசிரியராயினர். வேதபாடத்தோடு இசையும் கைத்தொழிலும் விளையாட்டும் இடம்பெற்றன.