ரோஜாவுடன் ராகிக் கதிர்... வீட்டிலேயே அசத்தல் பூ அலங்காரம்!

காதலர் தினத்துக்கு வெளிநாடு பறக்கும் ஓசூர் ரோஜாக்களில் கெலமங்கலம், தளி பசுமைக்குடில்களில் பூத்தவையும் உண்டு. அடர்சிவப்பு 'தாஜ்மஹால்' ரகம்தான் அதில் ஸ்டார். உங்க வீட்டு மேஜையிலும் அதை அழகா அடுக்கலாம்.

பூ செருகும் பச்சை ஃபோம் மட்டும் வேண்டாம். அது பிளாஸ்டிக், மட்காது. மண்சட்டிக்குள் கம்பி வலையைச் சுருட்டி வைத்து தண்ணீர் ஊற்றுங்க.

கலர்? ஒரே குடும்ப நிறங்கள் போதும். சிவப்பு ரோஜா, ஆரஞ்சு ஜெர்பரா, ஓரத்தில் தண்ணீர் படாமல் அந்த வட்டாரத்து ராகியின் காய்ந்த கதிர்கள்.

தண்டைச் சாய்வாக வெட்டுங்க. தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிடுங்க. தினமும் தண்ணீர் மாத்துங்க. பக்கத்தில் வாழைப்பழம் கூடாது. பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

வாடிய பிறகு பூவும் கதிரும் செடிக்கு உரம். வலை, அடுத்த அலங்காரத்துக்கு!