கப்பற் குறிப்பேடுகள் காட்டிய புயற்பாதை

கடலினின்று நெடுந்தொலைவில், மேட்டு நிலமாகிய பெங்களூரில், ஸ்ரீராம்புரத்தில் வாழும் நமக்குப் புயலின் வரலாறு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். சென்னைக் கரையைப் புயல் தாக்கினால் நம் தெருவிலும் மழை பொழிகின்றது. நம் உற்றார் பலர் அக்கரையிலேயே வாழ்கின்றனர். ஆதலின் வங்கக் கடற் புயல்களின் வரலாறு நமக்கும் உரியதே.

அட்லாண்டிக் கடலின் சூறாவளி ஒரு சுழல்காற்றே என்று அமெரிக்கராகிய ரெட்பீல்டு 1831-இல் எடுத்துரைத்தார். பிரித்தானியராகிய ரீடு, கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி 1838-இல் அக்கொள்கைக்கு வலிமை தேடினார். கப்பல் தலைவராயிருந்து கல்கத்தாவில் குடியேறிய ஹென்றி பிடிங்டன் இவர்கள் வழியைப் பின்பற்றினார். 1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் வீசிய புயலை அவர் முதலில் ஆராய்ந்தார். ‘சைக்ளோன்’ என்று இன்று உலகம் வழங்கும் பெயர், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அவர் படைத்ததே. 1848-இல் மாலுமிகளுக்கென அவர் எழுதிய நூலில் அஃது இடம்பெற்றது.

அவர் கையாண்ட முறை எளியது. நம் வடகோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வது. ஒரு கப்பலில் வடகாற்று வீசின், புயலின் நடு அதற்குக் கிழக்கே உள்ளது. அதே வேளையில் மற்றொரு கப்பலில் கீழ்காற்று வீசின், நடு அதற்குத் தெற்கே உள்ளது. இவ்விரு திசைக்கோடுகளும் சந்திக்குமிடமே ஏறத்தாழப் புயலின் நடு. நாள்தோறும் இவ்வாறு குறித்த புள்ளிகளை இணைத்தால் புயல் சென்ற பாதை புலனாகும். பாரமானி எவ்வளவு இறங்கிற்று, எந்தப் பாய் கிழிந்தது, எந்தப் பாய்மரம் முறிந்தது என்னும் குறிப்புகளால் அதன் வலிமையை மதிப்பிடலாம்.

இடர்ப்பாடுகளும் உண்டு. காற்று உள்நோக்கியும் சாய்ந்து வீசுவதால் அக்கோடுகளைத் திருத்துதல் வேண்டும். பழைய மாலுமிகள் நண்பகலில் நாளைத் தொடங்கியமையால் தேதி மாறித் தோன்றும். எல்லாவற்றினும் பெரிது ஒன்று: மூழ்கிய கப்பலின் குறிப்பேடு கரை சேர்வதில்லை. எனவே நமக்குக் கிடைப்பது தப்பியவர் சான்றே. மெய்யான வேகம் அதனினும் மிக்கதாயிருந்திருக்கலாம்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசினர் எண்ணியபோது, புயலோடு எழும் கடல்நீர் அதனை அழித்துவிடும் என்று 1853-இல் டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பிடிங்டன் எழுதினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. அவர் 1858-இல் மறைந்தார். 1867-இல் வீசிய புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. 1877 முதல் 1960 வரையிலான புயற்பாதைகளை அத்துறை 1964-இல் தொகுத்து வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே தனுஷ்கோடி கடலுக்கு இரையானதை நாம் மறத்தற்கில்லை. அண்மைக் காலத்தில், 1789 முதல் 1834 வரையிலான கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் ஏறத்தாழ 900 குறிப்பேடுகளினின்று இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வானிலைக் குறிப்புகள் படியெடுக்கப்பட்டுள்ளன.

காற்றின் திசையை அன்றாடம் எழுதிவைத்த மாலுமி, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தம் எழுத்து ஒரு கடற்கரையைக் காக்க உதவும் என்று எண்ணியிரார். நம் குடும்பங்களிலும் புயலையும் வெள்ளத்தையும் நாளிட்டுக் கூறும் பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் இருத்தல் கூடும். அவற்றைச் செல்லுக்கு இரையாக்காது பேணிக் காப்பது நம் கடமையாகும்.