கழுத்தில் தொங்கிய முகம்

தொடர் – 14

மூன்றே நாள், அமெரிக்க விமானங்கள் குண்டு போடப்போகின்றன, ஊரைக் காலி செய்யுங்கள் என்று சொல்லித்தான் 1975 ஏப்ரல் 17 அன்று கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் மக்களைக் கம்யூனிஸ்டுகளான கெமர் ரூஜ் படையினர் வீதிக்கு விரட்டினார்கள். ஏறக்குறைய 20 லட்சம் பேர் நடந்த அந்த நடையைப் போன வாரம் பார்த்தோம். மூன்று நாள் என்றது மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாளாக நீண்டது. அரிசி, பானை, கொஞ்சம் தங்கம் என்று கட்டிய மூட்டைகளில் குடும்பப் படங்களும் இருந்தன.

வழியிலேயே அவற்றைக் கிழித்தவர்கள் உண்டு. எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. சோதனைச் சாவடியில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: என்ன வேலை பார்த்தாய்? டாக்சி ஓட்டினேன் என்று சொல்லி ஒருவர் தப்பிவிடலாம். ஆனால் மூட்டைக்குள் கோட்டும் டையுமாக அவர் நிற்கும் கல்யாணப் படம் கிடந்தால்? கெமர் ரூஜ் வீழ்த்திய லோன் நோல் அரசின் ராணுவச் சீருடையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தால்? படித்தவன், அதிகாரி, பணக்காரன் என்று பட்டவர்களைத்தான் 'அங்கார்' எனப்பட்ட கெமர் ரூஜ் தலைமை முதலில் தேடியது. வாய் மறைத்ததைப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டுப் படங்களைக் குற்றச் சாட்சியாக்கிய அதே ஆட்சிதான், தான் கொல்லப்போகிறவர்களைப் படம் எடுத்து வைத்தது! புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கிய துவோல் ஸ்லெங்கில், கைதி வந்ததும் நெஞ்சில் எண்ணைக் குத்தி கேமரா முன் நிறுத்துவார்கள். 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்தபின் அந்தச் சிறை அருங்காட்சியகமானது. காணாமல் போன அண்ணனையும் மகளையும் தேடி ஜனங்கள் அந்தச் சுவர்களில் வரிசை வரிசையாக முகம் பார்த்தார்கள். சிலருக்கு வீட்டு மனிதரின் மிஞ்சிய ஒரே படம் அதுதான்.

எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு ஓடியவர்களுக்கு 1979 நவம்பரில் காவோ இ டாங் முகாம் திறந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பத் தேர்வான குடும்பங்களை அங்கேயும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கையில் ஒரு பலகை, அதில் வழக்கு எண். யாரோ கொடுத்த தொளதொள சட்டைக்குள் ஒரு பையன். யாரும் சிரிப்பதில்லை. இங்கேயும் முகமும் எண்ணும்தான்; ஆனால் இந்த எண் விமானம் ஏற்றியது. கலிபோர்னியாவின் லாங் பீச்சிலும் மாசசூசெட்ஸின் லோவெலிலும் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு, தங்கள் குடும்பத்தின் முதல் படம் என்று காட்ட இதுதான் இருக்கிறது. அதற்கு முந்தைய படம் வேண்டுமென்றால், 1975க்கு முன்பே வெளிநாடு போய்விட்ட உறவினர் யாருக்காவது தபாலில் போன பிரதி இருக்க வேண்டும்.

டாக்சி டிரைவர் என்றேனே, அப்படிச் சொல்லித் தப்பியவர் ஹாயிங் ஙோர். நிஜத்தில் மகப்பேறு மருத்துவர். 1978ல் அவருடைய மனைவி ஹுவோய்க்குப் பிரசவம் சிக்கலானது. கத்தியில்லை, மருந்தில்லை, தான் டாக்டர் என்று தெரிந்தால் உயிரும் மிஞ்சாது. மகப்பேறு மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கவே தாயும் குழந்தையும் போய்விட்டார்கள். இந்த வரலாற்றில் இதைவிடக் கொடிய ஒரு காட்சி எனக்குத் தெரியாது.

அமெரிக்கா போன ஙோர், ஹுவோயின் சிறு படத்தைத் தங்க லாக்கெட்டில் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' திரைப்படத்தில் நடித்ததற்காக 1985ல் ஆஸ்கர் வாங்கினார். 1996 பிப்ரவரி 25 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வாசலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் கேட்டதும் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார், லாக்கெட்டைத் தர மறுத்தார், அதனால்தான் சுட்டார்கள் என்றது அரசுத் தரப்பு.

மூன்று இளைஞர்கள் குற்றவாளிகள் என்று 1998 ஏப்ரல் 16 அன்று தீர்ப்பு வந்தது. கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் செத்துப்போன செய்தி உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த நாளும் அதுவே. லாக்கெட் மட்டும் அகப்படவேயில்லை.

(தொடரும்)