பழவேற்காட்டுக் கப்பலும் விஜய் ஐயரின் பியானோவும்

'நம்ம தமிழ்ப் பையன் ஜாஸ்ல கொடி நாட்டிட்டான்' என்ற பெருமிதப் பேச்சுக்குள் விஜய் ஐயரை அடக்கிவிட முடியாது. 1971இல் நியூயார்க் மாநிலத்தின் அல்பனியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் வயலின். பியானோவோ தானாகத் தட்டித் தட்டிப் படிஞ்சது. இயற்பியலை விட்டு, உடலும் தாளமும் குறித்து ஆய்ந்து 1998இல் பெர்க்லியில் முனைவரானார். கறுப்பினக் கலைஞர் ஸ்டீவ் கோல்மனோடு வாசித்ததே பெரிய பள்ளிக்கூடம். 1995இல் முதல் இசைத்தட்டு, 2014இல் ஹார்வர்ட் பேராசிரியர் பதவி. பட்டியல் போதும்.

கேள்வி வேறு: இவர் யார் கட்டின வீட்டில் குடிபுகுந்தார்?

17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனி நம் சனங்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றியது. அதே நூற்றாண்டில் அட்லாண்டிக்கில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் பின்னால் உண்டாக்கியதுதான் ஜாஸ். படித்த இந்தியருக்கு அமெரிக்கக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ கறுப்பர்களின் உரிமைப் போராட்ட அலையில் வந்தது. பட்டத்தோடு போனவர்களுக்கு இதை மறப்பது சுலபம்.

ஐயர் மறக்கவில்லை. 2001இல் நியூயார்க் விமான நிலையத்தில் ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாஹி விலங்கிடப்பட்டார். அதன் தூண்டலில், மைக் லாட்டுடன் 2003இல் 'இன் வாட் லாங்வேஜ்?' படைத்தார். 2014இல் யேலின் ஆசிய அமெரிக்கப் பழைய மாணவர்களிடம், நம் வெற்றி எந்த அநீதிக்கு உடந்தை என்ற கேள்வியை வைத்தார்.

அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்கணும். யாருக்குப் பட்டம், யாருக்கு வலை மட்டும் என்பதை 'ஐயர்' என்ற பின்னொட்டே சொல்லிவிடுகிறது. கறுப்பு இசைக்குப் பட்ட கடனோடு பழவேற்காட்டுக் குப்பங்களுக்குப் பட்ட கடனும் கணக்கில் ஏறட்டும்.